கணினிக் கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறதா? என்டிபி துல்லியத்தைக் கண்காணிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நெட்வொர்க் வழியாகக் கணினிக் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி நிறுவியாயிற்று. சர்வீஸ் பச்சையில் ஓடுகிறது. கேட்டால் "சிங்க்ரனைஸ்டு: எஸ்" என்று காட்டுகிறது. பெரும்பாலான இடங்களில் நேரக் கண்காணிப்பு இத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த "எஸ்" சொல்வது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: கடிகாரத்தைத் திருத்தும் மென்பொருள் ஏதோ ஒரு சர்வரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த சர்வர் சொல்லும் நேரம் சரியா, வந்து சேர்ந்த வழியில் எவ்வளவு பிசகியது, இந்தக் கணத்தில் உங்கள் கடிகாரம் உண்மையான நேரத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு விலகியிருக்கலாம் என்ற கேள்விகளுக்கெல்லாம் அதில் பதில் கிடையாது.

அடுத்த கட்டமாகப் பலர் செய்வது, அந்த மென்பொருள் காட்டும் ஆஃப்செட்டை, அதாவது உங்கள் கடிகாரத்துக்கும் சர்வரின் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, எடுத்து கிராஃப் போடுவது. கோடு பூஜ்ஜியத்தை ஒட்டி நூல் பிடித்தாற்போல ஓடும், பார்க்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த எண்ணைப் பூஜ்ஜியமாக்குவதுதான் அந்த மென்பொருளின் வேலையே. அதை வைத்துத் துல்லியத்தை அளப்பது, கணக்கு எழுதியவரையே தணிக்கையும் செய்யச் சொல்வது போன்றது. நேரத்தை உண்மையாகவே கண்காணிக்க இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, பிழையின் மேல் எல்லை. மற்றொன்று, அந்தக் கடிகாரத்தைத் திருத்துவதில் பங்கே இல்லாத ஒரு சாட்சி. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டை நோக்கித்தான்.

உதாரணங்கள் லினக்ஸில் குரோனி என்ற என்டிபி மென்பொருளை வைத்து இருக்கின்றன. பழைய என்டிபிடி மென்பொருள் ஓடும் இடங்களில் என்ன மாறும் என்பதை ஆங்காங்கே சொல்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன்.

படி 1: எவ்வளவு பிழை தாங்கும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லை தெரியாமல் கண்காணிப்பு அமைத்தால், தேவையில்லாத நேரத்தில் அலர்ட் கத்தும், தேவையான நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும். நிறுவன நெட்வொர்க்குகளில் பயனர் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் நுழைவுக்கு இயல்பாக 5 நிமிட வித்தியாசம் வரை பரவாயில்லை. செல்பேசி செயலியில் வரும் ஆறு இலக்க ஒருமுறைக் குறியீடுகள் 30 வினாடிக்கு ஒருமுறை மாறுபவை, அங்கே அரை நிமிடம் பிசகினாலே சிக்கல் தொடங்கிவிடும். இந்த இரண்டுக்கும் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை.

தரவுத்தளங்களுக்கு வந்தால் கதை வேறு. காக்ரோச் டிபியில் நோடுகளுக்கு, அதாவது அதைச் சேர்ந்து நடத்தும் கணினிகளுக்கு, இடையே அனுமதிக்கப்படும் விலகல் இயல்பாக 500 மில்லிவினாடி. அதில் 80 சதவீதத்தை ஒரு நோடு தாண்டிவிட்டதாகத் தெரிந்தால் அது தானாகவே நின்றுவிடும். கசாண்ட்ராவில் நிலைமை இன்னும் மோசம். கடைசியாக எழுதியது எது என்பதை நேரமுத்திரையை வைத்தே அது முடிவு செய்வதால், கடிகாரம் முந்தி ஓடும் கணினியின் பழைய பதிவு, உண்மையில் பிறகு வந்த புதிய பதிவைச் சத்தமில்லாமல் அழித்துவிடலாம். பிழைச் செய்திகூட வராது. பல சர்வர்களின் லாக்குகளைச் சேர்த்து எது முன், எது பின் என்று பார்ப்பவர்களுக்குச் சில மில்லிவினாடி வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மிஃபிட் 2 விதிகளின்படி, அதிவேக வர்த்தகம் செய்பவர்களின் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலிருந்து 100 மைக்ரோவினாடிக்கு மேல் விலகக் கூடாது.

உங்கள் எண் எது என்று எழுதி வையுங்கள். இந்தக் கட்டுரைக்கு 10 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்வோம்.

கையோடு இன்னொரு கணக்கையும் மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேகப் பிசகு, அதாவது 1 பிபிஎம், ஒரு நாளில் 86.4 மில்லிவினாடி ஆகும். சாதாரண கணினியின் குவார்ட்ஸ் படிகம் பத்து இருபது பிபிஎம் பிசகுவது சர்வ சாதாரணம். யாரும் திருத்தாமல் விட்டால் 20 பிபிஎம் பிசகும் கணினி ஒரு நாளில் 1.7 வினாடி நகர்ந்துவிடும்.

படி 2: பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் எதையும் தட்ட வேண்டியதில்லை. ஆனால் இதைத் தாண்டிக் குதித்தால் பிறகு வரும் எண்கள் எதுவும் புரியாது.

டேவிட் மில்ஸ் வடிவமைத்த என்டிபி 1985-இல் ஆர்எஃப்சி 958 ஆக வெளிவந்தது. இப்போது புழக்கத்தில் இருக்கும் நான்காம் பதிப்பு 2010-இன் ஆர்எஃப்சி 5905. அடிப்படைக் கணக்கு அன்றிலிருந்து ஒன்றுதான். ஒரு கேள்வி-பதிலில் நான்கு நேரமுத்திரைகள் பதிவாகும்: கேள்வி கிளம்பியது, சர்வரை அடைந்தது, பதில் கிளம்பியது, திரும்பி வந்து சேர்ந்தது. முதலும் கடைசியும் உங்கள் கடிகாரத்தில் எடுத்தவை, நடுவில் உள்ள இரண்டும் சர்வரின் கடிகாரத்தில் எடுத்தவை. இந்த நான்கிலிருந்து போய்வர ஆன மொத்த நேரத்தையும், இரு கடிகாரங்களுக்கும் உள்ள வித்தியாசத்தையும் கணக்கிடலாம்.

போய்வரும் நேரத்தைக் கணக்கிடுவதில் ஐயம் ஏதுமில்லை. வித்தியாசத்தைக் கணக்கிடுவதில்தான் ஒரு ஊகம் இருக்கிறது: போக ஆன நேரமும் வர ஆன நேரமும் சமம் என்ற ஊகம். நெட்வொர்க்கில் அது அப்படியே அமைவது அபூர்வம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். உங்கள் கடிகாரமும் சர்வரின் கடிகாரமும் துளி வித்தியாசம் இல்லாமல் சரியாக இருக்கின்றன. கேள்வி போக 12 மில்லிவினாடி, பதில் வேறு பாதையில் வர 26 மில்லிவினாடி. என்டிபி இந்த 38-ஐ இரண்டாக வெட்டி 19, 19 என்று எடுத்துக்கொள்ளும். விளைவு, சரியாக இருக்கும் உங்கள் கடிகாரம் 7 மில்லிவினாடி முந்தியிருப்பதாக அதற்குத் தோன்றும். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளி, 7 மில்லிவினாடி தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். நிறுத்திய பிறகு ஆஃப்செட் எவ்வளவு காட்டும்? பூஜ்ஜியம். கோடு நூல் பிடித்தாற்போல ஓடும்.

இந்தப் பிழையை அந்தப் பாதைக்குள்ளேயே இருந்துகொண்டு கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. எவ்வளவுதான் ஏறுமாறாக இருந்தாலும் போக ஆன நேரம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போக முடியாது. ஆகவே பாதையால் வரும் பிழை, போய்வரும் நேரத்தில் பாதியைத் தாண்டவே தாண்டாது. 38 மில்லிவினாடி பாதையில் அதிகபட்சம் 19. பக்கத்தில் இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுங்கள் என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

படி 3: "டிராக்கிங்" வெளியீட்டிலிருந்து பிழை எல்லையைக் கணக்கிடுங்கள்

குரோனியிடம் நிலவரம் கேட்க, குரோனிசி டிராக்கிங் என்று தட்டினால் பத்துப் பன்னிரண்டு வரிகள் வரும். முதலில் கண்ணில் படுவது "சிஸ்டம் டைம்", "லாஸ்ட் ஆஃப்செட்", "ஆர்எம்எஸ் ஆஃப்செட்" ஆகிய மூன்றும். மூன்றும் குட்டிக் குட்டி எண்களாக இருக்கும், பார்த்தவுடன் திருப்தி வந்துவிடும். ஆனால் நமக்கு வேண்டியவை கொஞ்சம் கீழே உள்ள "ரூட் டிலே", "ரூட் டிஸ்பெர்ஷன்" என்ற இரண்டு வரிகள்.

ரூட் டிலே என்பது உங்கள் கணினியிலிருந்து முதல் அடுக்கு சர்வர் (ஜிபிஎஸ், அணுக்கடிகாரம் போன்றவற்றிலிருந்து நேரடியாக நேரம் எடுப்பது) வரை வழியில் உள்ள எல்லாக் கட்டங்களுக்குமான போய்வரும் நேரத்தின் கூட்டுத்தொகை. ரூட் டிஸ்பெர்ஷன் என்பது ஒவ்வொரு கட்டத்திலும் சேர்ந்த அளவீட்டு ஐயங்களின் மொத்தம். கடைசியாக அளந்ததிலிருந்து நேரம் போகப் போக இது வளர்ந்துகொண்டே இருக்கும். குரோனியின் கையேடே இதற்கான சூத்திரத்தைத் தருகிறது: சிஸ்டம் டைம் வரியில் உள்ள விலகல், அதோடு ரூட் டிஸ்பெர்ஷன், அதோடு ரூட் டிலேயில் பாதி. கடிகாரத்தின் பிழை இந்தக் கூட்டுத்தொகைக்குள் அடங்கும்.

ஒரு சர்வரில் இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்: சிஸ்டம் டைம் விலகல் 0.000043 வினாடி, ரூட் டிலே 0.0384, ரூட் டிஸ்பெர்ஷன் 0.0021. முதல் வரியை மட்டும் பார்ப்பவர், "43 மைக்ரோவினாடிதான், அருமை" என்று போய்விடுவார். சூத்திரத்தைப் போட்டால் 0.000043 + 0.0021 + 0.0192. ஏறக்குறைய 21.3 மில்லிவினாடி. கண்ணில் பட்ட எண்ணைப் போல ஐந்நூறு மடங்கு. நாம் வைத்த 10 மில்லிவினாடி எல்லையை இந்தக் கணினி மீறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் மீறவில்லை என்று யாருக்கும் உறுதி தரவும் முடியாது. கண்காணிப்பில் இந்த இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம்.

எல்லை மோசமாக இருப்பதாலேயே கடிகாரம் மோசம் என்று ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடைமுறையில் பிழை எல்லையைவிட மிகக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் ஒப்பந்தத்திலோ தணிக்கையிலோ எழுதித் தர ஓர் எண் வேண்டுமென்றால், மனசாட்சியோடு தரக்கூடிய எண் இந்த எல்லைதான்.

மற்ற வரிகளில் மூன்றை மட்டும் கவனியுங்கள். "ரெஃப் டைம்" என்பது கடைசியாக அளவீடு வந்த நேரம், அது பழையதாகிக்கொண்டே போனால் சர்வர்கள் கைவிட்டுவிட்டன என்று பொருள். "ஃப்ரீக்வென்சி" என்பது உங்கள் படிகத்தின் இயல்பான வேகப் பிசகு, அதற்குப் பிறகு வருகிறேன். "லீப் ஸ்டேட்டஸ்" நார்மலாக இருக்க வேண்டும், "நாட் சிங்க்ரனைஸ்டு" என்று இருந்தால் மற்ற எண்களைப் பார்ப்பதே வீண்.

ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் குரோனிசிக்குப் பின் ஹைபன் சி சேர்த்தால் எல்லாம் காற்புள்ளி பிரித்த ஒரே வரியாகக் கிடைக்கும். என்டிபிடி என்றால் அதன் நிலவரம் கேட்கும் கருவியான என்டிபிக்யூவில் ஆர்வி கட்டளை கொடுத்தால் ரூட்டிலே, ரூட்டிஸ்ப் இரண்டும் வரும். ஆனால் அங்கே எண்கள் மில்லிவினாடியில் இருக்கும், குரோனியில் வினாடியில் இருக்கும். இரண்டையும் ஒரே கிராஃபில் கலந்தால் ஆயிரம் மடங்கு குளறுபடி வரும்.

படி 4: மூலங்களைத் தனித்தனியாகப் பாருங்கள்

குரோனிசி சோர்சஸ் கட்டளை ஒவ்வொரு நேர மூலத்தையும் ஒரு வரியாகக் காட்டும். வரியின் தொடக்கத்தில் உள்ள குறிகளைப் படிக்கப் பழகினாலே பாதி வேலை முடிந்தது. நட்சத்திரம் என்றால் இப்போது பின்பற்றப்படுவது. கூட்டல் குறி என்றால் கணக்கில் சேர்க்கப்படுவது. கழித்தல் குறி என்றால் நல்லதுதான், ஆனால் இப்போது சேர்க்கவில்லை. எக்ஸ் வந்தால் அந்த சர்வர் மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் பொய் நேரம் சொல்கிறது என்று குரோனி முடிவுகட்டிவிட்டது. கேள்விக்குறி என்றால் தொடர்பு இல்லை, அல்லது போதிய அளவீடு இன்னும் சேரவில்லை.

"ரீச்" என்ற பத்தியைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். அது சதவீதம் அல்ல, எட்டடிமான எண். கடைசி எட்டுக் கேள்விகளுக்குப் பதில் வந்ததா இல்லையா என்பதை எட்டு பிட்களில் வைத்திருக்கிறது. எட்டும் வந்திருந்தால் 377. 376 என்றால் கடைசியாகக் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. 357 என்றால் நான்கு சுற்றுக்கு முன்னால் ஒன்று தவறியது, அதற்குப் பிறகு எல்லாம் வந்துவிட்டது. ஆகவே 377-க்குக் கீழே இறங்கினால் அலர்ட் என்று வைக்காதீர்கள். ஒரே ஒரு பாக்கெட் தொலைந்தாலே அடுத்த எட்டுச் சுற்றுக்கு அது கத்திக்கொண்டிருக்கும். ரீச் பூஜ்ஜியம் ஆனால்தான் அந்த மூலம் போய்விட்டது என்று பொருள்.

மூலங்கள் எத்தனை வேண்டும்? ஒன்று இருந்தால் அது சொல்வதுதான் வேதம். இரண்டு இருந்து அவை முரண்பட்டால் எது பொய் என்று சொல்ல வழியில்லை. மூன்று இருந்தால் ஒரு பொய்யரைப் பிடிக்கலாம். ஒன்று பழுதில் கிடக்கும்போதும் இன்னொரு பொய்யரைப் பிடிக்க வேண்டும் என்றால் நான்கு. குறைந்தது நான்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. அந்த நான்கும் ஒரே கட்டடத்தில் ஒரே ஜிபிஎஸ் ஆன்டெனாவிலிருந்து நேரம் எடுத்தால் எண்ணிக்கையில்தான் நான்கு, உண்மையில் ஒன்று.

இதைச் சும்மா பயமுறுத்தச் சொல்லவில்லை. 2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் டிக், டாக் என்ற இரண்டு புகழ்பெற்ற நேர சர்வர்களும் சற்று நேரம் 2000-ஆம் ஆண்டைச் சொல்லிக்கொண்டிருந்தன. இரண்டும் ஒரே நிறுவனத்தின் முதல் அடுக்கு சர்வர்கள், இரண்டும் ஒருசேரத் தவறின. அவற்றை மட்டுமே நம்பியிருந்த கணினிகளுக்கு எதிர்த்துச் சொல்ல ஆள் இல்லை.

குறியீட்டில் ஒரு பொறி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். குரோனிசி சோர்சஸில் கூட்டல் ஆஃப்செட் என்றால் உங்கள் கடிகாரம் முந்துகிறது. என்டிபிக்யூவில் கூட்டல் என்றால் உங்கள் கடிகாரம் பிந்துகிறது. இரண்டும் கலந்து ஓடும் இடத்தில் இதைக் கவனிக்காமல் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம்.

படி 5: ஒரு சாட்சியை நிறுத்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

எளிய வடிவம் பத்து நிமிட வேலை. குரோனியின் கான்ஃபிக் கோப்பில், வழக்கமான சர்வர்களோடு எந்த உறவும் இல்லாத வேறொரு நேர சர்வரை ஒரு வரியாகச் சேர்த்து, வரியின் கடைசியில் நோசெலக்ட் என்று போடுங்கள். குரோனி அதைத் தொடர்ந்து அளக்கும், பட்டியலில் காட்டும், லாக்கில் எழுதும். ஆனால் கடிகாரத்தைத் திருத்த அதைத் தொடவே தொடாது. திருத்தத்தில் பங்கு இல்லாததால் அதன் ஆஃப்செட்டைப் பூஜ்ஜியமாக்க யாரும் முயல்வதில்லை. அந்த எண்ணில்தான் செய்தி இருக்கிறது. நான்கு மூலங்களும் சேர்ந்து உங்களை 7 மில்லிவினாடி தள்ளியிருந்தால், மூலங்களின் ஆஃப்செட் எல்லாம் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்க, சாட்சியின் ஆஃப்செட் மட்டும் 7-ல் நிற்கும். சாட்சிக்குப் போகும் பாதையிலும் இதே பிசகு இருக்கலாம் என்பது உண்மைதான். அதனால்தான் அது வேறு நெட்வொர்க் வழியில் இருக்க வேண்டும், போய்வரும் நேரமும் குறைவாக இருக்க வேண்டும்.

கணினிகள் நிறைய இருந்தால் அடுத்த வடிவத்துக்குப் போங்கள்: கண்காணிப்புக்கு என்றே ஒரு தனிக் கணினி. அதில் பிபிஎஸ் வசதியுள்ள ஜிபிஎஸ் ரிசீவரைப் பொருத்துங்கள். பிபிஎஸ் என்பது வினாடிக்கு ஒரு துடிப்பு, வினாடியின் தொடக்கத்தைத் துல்லியமாகக் காட்டும் மின்சமிக்ஞை. அது இல்லாமல் ரிசீவர் அனுப்பும் எழுத்துச் செய்தியை மட்டும் வைத்து நேரம் எடுத்தால், செய்தி பத்துக்கணக்கான, சில சமயம் நூற்றுக்கணக்கான மில்லிவினாடி தாமதமாக வரும், அந்தத் தாமதமும் ஒரே சீராக இருக்காது. விலை குறைவு என்று யூஎஸ்பி ரிசீவரை வாங்கிச் சாட்சியாக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் எல்லை பல நூறு மில்லிவினாடி என்றால் சமாளிக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம்.

இப்போது திசையை மாற்றுங்கள். சாட்சிக் கணினியின் குரோனியில் நீங்கள் கண்காணிக்க விரும்பும் ஒவ்வொரு கணினியையும் சர்வர் வரியாகச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் நோசெலக்ட் போடுங்கள். அந்தக் கணினிகளின் கான்ஃபிக்கில் அலவ் வரியில் சாட்சியின் ஐபி முகவரியை மட்டும் கொடுங்கள். ஃபயர்வாலில் யூடிபி 123 போர்ட்டை சாட்சிக்கு மட்டும் திறந்துவிடுங்கள். சரி, இனி ஒவ்வொரு கணினியின் குரோனியும் வெளியே என்ன நேரம் சொல்கிறது என்பது, அந்தக் கணினியின் சொந்த அபிப்பிராயம் கலக்காமல் வெளியிலிருந்து அளக்கப்படும். ஒரே லோக்கல் நெட்வொர்க்கில் போய்வரும் நேரம் 0.2 மில்லிவினாடி என்றால், பாதையால் வரக்கூடிய பிழை 0.1 மில்லிவினாடிக்குள் அடங்கிவிடும். படி 3-ல் பார்த்த 21 மில்லிவினாடி ஐயம் எங்கே, இது எங்கே!

நெட்வொர்க் கார்டு ஹார்டுவேர் நேரமுத்திரை தருமா என்பதை ஈத்டூல் ஹைபன் பெரிய டி கட்டளையில் பார்க்கலாம். தரும் என்றால் குரோனியில் எச்டபிள்யூ டைம்ஸ்டாம்ப் வரியைச் சேர்த்து இன்னும் நுணுக்கமாகப் போகலாம். 100 மைக்ரோவினாடி போன்ற எல்லைகளை உறுதியாகக் காக்க வேண்டியவர்கள் இதையும், பிடிபி என்ற இன்னும் துல்லியமான நேர நெறிமுறையையும் பார்த்தே ஆக வேண்டும். மற்றவர்களுக்கு அவசியமில்லை.

கன்டெய்னர்களுக்குத் தனித்தனியாக இந்த ஏற்பாட்டைச் செய்யாதீர்கள். அவை எல்லாம் கீழே இருக்கும் கெர்னலின் ஒரே கடிகாரத்தைத்தான் பார்க்கின்றன, அந்த ஹோஸ்டை அளந்தால் போதும்.

அவசரத்துக்கு ஒருமுறை மட்டும் பார்க்க வேண்டும் என்றால், குரோனியின் முதன்மை நிரலான குரோனிடியை ஹைபன் பெரிய க்யூ விருப்பத்தோடும் ஒரு சர்வர் வரியோடும் ஓட்டுங்கள். கடிகாரத்தைத் தொடாமல் எவ்வளவு பிசகு என்று மட்டும் அச்சிட்டுவிட்டு வெளியேறும். பொதுச் சர்வர்களை இப்படி வினாடிக்கு ஒருமுறை குடையாதீர்கள். அவை பெரும்பாலும் தன்னார்வத்தில் ஓடுபவை. அதிகம் கேட்டால் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மறுப்புப் பாக்கெட்டும் வரும்.

படி 6: பதிவு செய்யுங்கள், பிறகு சரியான கிராஃபைப் போடுங்கள்

குரோனியில் லாக் வரியில் மெஷர்மென்ட்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், டிராக்கிங் மூன்றையும் போட்டுவிடுங்கள். என்டிபிடியில் இவற்றுக்கு இணை பீர்ஸ்டாட்ஸ், லூப்ஸ்டாட்ஸ் கோப்புகள்.

நேரத்துக்கு எதிராக ஆஃப்செட் என்ற வழக்கமான கிராஃபை எல்லோரும் போடுவார்கள். அதோடு கூட, ஒரு மூலத்தின் அளவீடுகளை எடுத்து, படுக்கை அச்சில் போய்வரும் நேரத்தையும் செங்குத்து அச்சில் ஆஃப்செட்டையும் வைத்துப் புள்ளி போட்டுப் பாருங்கள். புள்ளிகள் இடப்பக்கம் ஒரு முனையில் குவிந்து, வலப்பக்கம் விரிந்துகொண்டே போகும் ஆப்பு வடிவம் வரும். கேள்வி போகும் வழியில் வரிசையில் காத்திருந்தால், அந்தக் கூடுதல் தாமதத்தில் பாதி அளவுக்குப் புள்ளி ஒரு பக்கம் விலகும். பதில் வரும் வழியில் காத்திருந்தால் எதிர்ப்பக்கம் விலகும். எங்குமே காத்திருக்காமல் போய்வந்த பாக்கெட்டுகள்தான் அந்த முனை. நம்பத்தக்க ஆஃப்செட் அங்கேதான் இருக்கிறது.

ஆப்பின் ஒரு கை மட்டும் நீண்டு மறு கை இல்லாமல் இருந்தால், நெரிசல் ஒரு திசையில்தான் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். பேக்கப் ஓடும் இரவு நேரங்களில் அப்லோட் பக்கம் மட்டும் அடைத்துக்கொள்வது இதற்கு நல்ல உதாரணம். ஒரு நாள் முனையே வலப்பக்கம் நகர்ந்திருந்தால் பாதை மாறியிருக்கிறது. அந்த நாளில் ஆஃப்செட்டும் ஒரு படி ஏறியோ இறங்கியோ இருந்தால், நகர்ந்தது கடிகாரம் அல்ல, நெட்வொர்க்தான் என்ற முடிவுக்கு வரலாம். என்றாலும் நிரந்தரமான ஏறுமாறு இருந்தால் முனையே சேர்ந்து நகர்ந்து உட்கார்ந்திருக்கும், இந்தக் கிராஃப் அதைக் காட்டாது. அதற்குச் சாட்சிதான்.

அப்புறம் ஃப்ரீக்வென்சி. ஒரு கணினியின் படிகத்துக்கு அதற்கே உரிய பிசகு உண்டு. −12.4 பிபிஎம் என்றால் நாளுக்கு நாள் அதை ஒட்டியே நிற்கும், அறையின் வெப்பத்தையும் சிபியுவின் சுமையையும் பின்பற்றி மெல்ல ஏறி இறங்கும். திடீரென்று பத்து பிபிஎம் தாவினால், ஆஃப்செட் இன்னும் நன்றாக இருந்தாலும் உடனே விசாரியுங்கள். விசிறி நின்றிருக்கலாம். விர்ச்சுவல் மெஷின் வேறு ஹோஸ்டுக்கு மாறியிருக்கலாம். கெர்னல், சிபியுவின் உள் எண்ணியான டிஎஸ்சியை நம்ப முடியாது என்று முடிவு செய்து வேறு கிளாக்சோர்ஸுக்குத் தாவியிருக்கலாம், அப்படியானால் கெர்னல் லாக்கில் அதற்கான வரி இருக்கும். ஆஃப்செட்டைவிட முன்கூட்டியே பேசுவது இந்த எண்தான். அதனால் இதைக் கண்காணிக்காமல் விடுவது பெரிய இழப்பு.

ப்ரோமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. கணினியின் எண்களை அதற்குக் கொடுக்கும் நோட் எக்ஸ்போர்ட்டரின் டைமெக்ஸ் பகுதி கெர்னலிடம் கேட்டுச் சொல்கிறது. குரோனி தன் திருத்தத்தைத் தானே செய்துகொள்வதால் அங்கே ஆஃப்செட் பூஜ்ஜியமாகவே காட்டக்கூடும், அதை நம்பி அலர்ட் வைக்காதீர்கள். ஆர்டிசி சிங்க் என்ற வரி கான்ஃபிக்கில் இல்லாவிட்டால் "சிங்க் ஸ்டேட்டஸ்" எப்போதும் 0 என்றே வரும். அந்தப் பகுதியில் உருப்படியான எண் "மேக்ஸ்எரர்". நாம் படி 3-ல் கணக்கிட்ட எல்லையின் குணம் கொண்டது அதுதான்.

படி 7: அலர்ட்டுகள்

பிழை எல்லை நம் 10 மில்லிவினாடியில் பாதியைத் தாண்டிப் பத்து நிமிடம் நீடித்தால் எச்சரிக்கை, முழுவதையும் தாண்டினால் ஆளை எழுப்புங்கள். சாட்சி அளக்கும் ஆஃப்செட்டுக்கும் இதே அளவு. இந்த இரண்டும்தான் தூக்கத்தைக் கெடுக்கத் தகுதியானவை.

தேர்ந்தெடுக்கத்தக்க மூலங்கள் மூன்றுக்குக் கீழே போவது, ஏதாவது ஒரு மூலத்துக்கு எக்ஸ் விழுவது, ஃப்ரீக்வென்சி தாவுவது ஆகியவை காலையில் பார்த்தால் போதும். லாக்சேஞ்ச் வரியில் ஓர் அளவைக் கொடுத்துவிட்டால், அதைவிடப் பெரிய திருத்தம் நடக்கும்போதெல்லாம் சிஸ்லாக்கில் ஒரு வரி விழும், அதையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஓர் அளவீடு எகிறியதற்காக அலர்ட் அனுப்பாதீர்கள். நெட்வொர்க் அளவீட்டில் தனிப் புள்ளிகள் எகிறுவது இயல்பு.

படி 8: அரிதாக வருபவற்றுக்கும் இடம் வையுங்கள்

பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக யூடிசியில் சேர்க்கப்படும் லீப் வினாடி 1972 முதல் 27 முறை சேர்க்கப்பட்டிருக்கிறது, கடைசியாக 2016 டிசம்பர் 31 அன்று. 2035-க்குள் இந்த வழக்கத்தை நிறுத்த 2022-இல் பன்னாட்டு அளவில் முடிவாகியிருக்கிறது. அதுவரை கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: சில சர்வர்கள் அந்த ஒரு வினாடியை 24 மணி நேரத்துக்குப் பூசி மெழுகிக் கொடுக்கும், மற்றவை அப்படியே ஒரே அடியாகக் கொடுக்கும். இரண்டு வகையையும் ஒரே கான்ஃபிக்கில் கலந்தால் அந்த நாளில் அரை வினாடி வரை முரண்படும். சாட்சியும் மூலங்களும் ஒரே வகையாக இருக்கட்டும்.

ஜிபிஎஸ் 1024 வாரத்துக்கு ஒருமுறை வார எண்ணை மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து எண்ணத் தொடங்கும், கடைசியாக 2019 ஏப்ரலில் தொடங்கியது. இதைச் சார்ந்த பிழையொன்று, ஜிபிஎஸ் ரிசீவரிலிருந்து தகவல் எடுக்கும் ஜிபிஎஸ்டி மென்பொருளின் சில பதிப்புகளில் இருந்தது. 2021 அக்டோபர் 24 அன்று தேதியை 2002-க்குக் கொண்டுபோகும் பிழை அது, 3.23 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. ஜிபிஎஸ் சாட்சி வைத்திருப்பவர்கள் அதன் மென்பொருளைப் புதுப்பித்து வைப்பதும், சாட்சிக்கே இரண்டு மூன்று நெட்வொர்க் மூலங்களைத் துணைக்கு வைப்பதும் இதற்காகத்தான்.

விர்ச்சுவல் மெஷின்களை நிறுத்திவைத்து மறுபடி எழுப்பும்போது கடிகாரம் வெகுவாகப் பிந்தியிருக்கலாம். வழக்கமான கான்ஃபிக்கில் மேக்ஸ்டெப் 1.0 3 என்று இருக்கும். அதாவது முதல் மூன்று திருத்தங்களில் மட்டுமே தாவ அனுமதி. அதற்குப் பிறகு மெல்ல நகர்த்துவது மட்டும்தான், அதிகபட்ச வேகம் பன்னிரண்டு வினாடிக்கு ஒரு வினாடி. ஒரு மணி நேரம் பிந்திய கணினி சரியான நேரத்துக்கு வர 12 மணி நேரம் ஆகும். அந்த 12 மணி நேரமும் சர்வீஸ் பச்சையில்தான் ஓடும். இப்படிப்பட்ட கணினிகளுக்கு 3-ஐ −1 ஆக்கி எப்போது வேண்டுமானாலும் தாவ விடலாம். ஆனால் நேரம் பின்னோக்கித் தாவினால் குழம்பும் தரவுத்தளங்கள் இருக்கும் இடத்தில் அதைச் செய்யும் முன் யோசியுங்கள். ஹோஸ்டின் நேர ஒத்திசைவு வசதியையும் உள்ளே குரோனியையும் ஒருசேர ஓட்டவே ஓட்டாதீர்கள். இரண்டும் ஒரே கடிகாரத்தை இழுத்துக்கொண்டு நிற்கும், கிராஃப் ரம்பப் பல்லாக வரும்.

படி 9: வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்

அமைத்த கண்காணிப்பைச் சோதிக்காமல் நம்ப வேண்டாம். பயன்பாட்டில் இல்லாத ஒரு கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபயர்வாலில் நேர சர்வர்களுக்கான போர்ட் 123-ஐ மட்டும் அடையுங்கள், சாட்சிக்கு மட்டும் திறந்திருக்கட்டும். எட்டுச் சுற்றுகளில் ரீச் பூஜ்ஜியத்துக்கு வரும், ரெஃப் டைம் பழையதாகும், ரூட் டிஸ்பெர்ஷன் மெல்ல வளரத் தொடங்கும். மூலங்களின் எண்ணிக்கை பற்றிய அலர்ட் முதலில் வர வேண்டும், பிழை எல்லை பற்றியது வெகு நேரம் கழித்து வர வேண்டும். பிறகு அடைப்பை எடுத்துவிட்டு, குரோனியை நிறுத்தி, கடிகாரத்தைக் கையால் 50 மில்லிவினாடி தள்ளுங்கள். உள்ளே ஓடும் எந்த மென்பொருளும் இதைச் சொல்லாது, அதுதான் நின்றுபோயிருக்கிறதே. குரோனி நின்றதால் போர்ட் 123-இல் பதில் சொல்லவும் ஆள் இல்லை, ஆகவே சாட்சியில் அந்தக் கணினியின் ரீச் இறங்கிப் பூஜ்ஜியமாகும். சாட்சியின் பக்கத்தில் "பதில் இல்லை" என்பதற்கும் ஓர் அலர்ட் இருக்கிறதா என்று இந்த இடத்தில் தெரிந்துவிடும். கடைசியாகக் குரோனியைக் கிளப்பி, முதல் சில நிமிடங்களில் சாட்சியின் கிராஃபில் அந்தக் கணினியின் புள்ளிகள் மறுபடி வருவதைப் பாருங்கள். அவை எங்கே நிலைத்து நிற்கின்றனவோ, அதுதான் சாட்சி காணும் அந்தக் கணினியின் பிசகு.